ஒளியிழையில் பிறக்கும் பொய்க் குரல்கள்

ஒலிபெருக்கியின் அருகில் நின்று பாட்டுக் கேட்ட அனுபவம் உங்கள் எல்லோருக்கும் இருக்கும். ஒலி மிதமாக இருக்கும்வரை பாடகரின் குரல், வயலின், மிருதங்கம் எல்லாம் தனித்தனியே தெளிவாகக் காதில் விழுகின்றன. யாரோ ஒருவர் வந்து குமிழைத் திருகி ஒலியைக் கூட்டுகிறார். உடனே பாட்டு கரகரக்கத் தொடங்குகிறது. இந்தக் கரகரப்பு எங்கிருந்து வந்தது? பாடகர் கரகரப்பாகப் பாடவில்லை. பாட்டைப் பதிவு செய்ததிலும் அது இல்லை. நடுவில் இருக்கும் பெருக்கி, தன்னிடம் வந்ததைப் பெரிதாக்குவதோடு நில்லாமல், தன்னிடம் வராத ஒன்றையும் உண்டாக்கிச் சேர்த்துவிட்டது. இதைத்தான் ‘திரிபு’ என்கிறோம்.

பாட்டில் கொஞ்சம் கரகரப்பு இருந்தால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் கேட்பவர் ஒரு வானியல் விஞ்ஞானி, கேட்கப்படுவது பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒரு மெல்லிய ரேடியோ அலை என்றால்? கருவி தானே உண்டாக்கிய பொய்க் குரலை அவர் வானத்துக் குரல் என்று எண்ணிவிடக் கூடாது அல்லவா? அந்தப் பொய்க் குரல் எப்படிப் பிறக்கிறது, அதை எப்படி அடக்குகிறார்கள் என்று பார்ப்போம்.

புனே நகருக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், நாராயண்காவ் என்ற ஊருக்கு அருகே, கோடத் என்னும் கிராமம் இருக்கிறது. அங்கும் அதன் சுற்றுப்புறத்திலும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 மாபெரும் கிண்ணங்கள் வானத்தை நோக்கி நிற்கின்றன. இதுதான் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ராட்சத மீட்டரலை ரேடியோ தொலைநோக்கி. இதை அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கோவிந்த் ஸ்வரூப். உதகமண்டலத்து மலைச் சரிவில் 1970ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய, 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கியும் அவர் உருவாக்கியதே.

முப்பது கிண்ணங்களில் 14 கிண்ணங்கள் சுமார் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் நெருக்கமாக உள்ளன. மற்ற 16 கிண்ணங்கள், ஒய் என்ற ஆங்கில எழுத்தைப் போல, மூன்று திசைகளில் கைகளை நீட்டியதுபோல் பரவி நிற்கின்றன. ஒன்றுக்கொன்று மிகத் தள்ளியிருக்கும் கிண்ணங்களுக்கு இடையே 25 கிலோமீட்டர் தூரம். எல்லாக் கிண்ணங்களும் பெறும் அலைகளை ஒரே கட்டடத்துக்குக் கொண்டுவந்து ஒன்றோடொன்று ஒப்பிட்டால்தான், அவை சேர்ந்து ஒரே பெரிய தொலைநோக்கிபோல் வேலை செய்யும். கொண்டுவரும் வேலையைச் செய்பவை கண்ணாடியாலான ஒளியிழைகள்.

செப்புக் கம்பியை ஏன் பயன்படுத்தவில்லை? மிக உயர்ந்த அதிர்வெண்ணுள்ள ரேடியோ அலை செப்புக் கம்பியில் சில நூறு மீட்டர் போவதற்குள் மிகவும் நலிந்துவிடும். நல்ல கண்ணாடி இழையிலோ, 1.55 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி ஒரு கிலோமீட்டர் சென்றாலும், நூற்றில் ஐந்து பங்குகூடக் குறைவதில்லை.

ரேடியோ அலையை ஒளியின்மேல் எப்படி ஏற்றுவது? மிக எளிய வழி ஒன்று உண்டு. ஆன்டெனாவிலிருந்து வரும் மின்னோட்டம் கூடும்போது லேசரின் ஒளியும் கூட வேண்டும்; மின்னோட்டம் குறையும்போது ஒளியும் குறைய வேண்டும். அலையின் ஏற்ற இறக்கம் அப்படியே ஒளியின் ஏற்ற இறக்கமாகிறது. மறுமுனையில் ஓர் ஒளி டயோடு அந்த ஒளியை மீண்டும் மின்னோட்டமாக மாற்றித் தருகிறது. இப்படி உள்ளதை உள்ளபடியே, வடிவம் மாறாமல் அனுப்பும் முறைக்கு அனலாக் முறை என்று பெயர். இது புதிய யோசனை அன்று. தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல், சார்ல்ஸ் சம்னர் டெயின்டர் என்ற உதவியாளருடன் சேர்ந்து, 1880ஆம் ஆண்டிலேயே வாஷிங்டன் நகரில் சூரிய ஒளியின்மேல் பேச்சை ஏற்றி 213 மீட்டர் தூரம் அனுப்பிக் காட்டினார். குரலால் அதிரும் ஒரு மெல்லிய கண்ணாடி அவருடைய அனுப்பு கருவி. செலீனியம் அவருடைய ஏற்பி.

“எல்லாவற்றையும் டிஜிட்டல் எண்களாக மாற்றி அனுப்புவதுதானே இக்கால வழக்கம்?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. எண்களாக மாற்றிவிட்டால் வழியில் திரிபு நேர்வது அரிது. ஆனால் எண்ணாக மாற்றும் மின்னணுச் சுற்றுகள் தாமே ரேடியோ இரைச்சலை எழுப்புபவை. வானத்தின் முணுமுணுப்பைக் கேட்கும் கிண்ணத்தின் பக்கத்திலேயே அவற்றை வைப்பது, தூங்கும் குழந்தைக்கு அருகில் மாவு மில்லை ஓட்டுவது போன்றது. அலையை அப்படியே ஒளியில் ஏற்றி மையக் கட்டடத்துக்குக் கொண்டுவந்து, அங்கே எண்களாக மாற்றுவது வசதி. கிண்ணத்தின் அருகே கருவிகளும் குறைவு. இதற்கு நாம் கொடுக்கும் விலைதான் திரிபு.

வளைந்த கோடு செய்யும் வேலை

ஒரு வரைபடத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்கோட்டில் லேசருக்குக் கொடுக்கும் மின்னோட்டத்தையும், செங்குத்துக் கோட்டில் அது தரும் ஒளியையும் குறியுங்கள். குறைந்த மின்னோட்டத்தில் லேசர் ஒளிர்வதே இல்லை எனலாம். ஒரு குறிப்பிட்ட அளவு வந்ததும் அது விழித்துக்கொள்கிறது. இதைப் பயன்தொடக்க மின்னோட்டம் என்பார்கள். அதற்குமேல் கோடு ஏறத்தாழ நேராக ஏறுகிறது. மின்னோட்டம் மிக அதிகமானால் லேசர் சூடேறிச் சோர்கிறது. கோடு மேலே வளைந்து படுக்கத் தொடங்குகிறது. ஆக, அடியில் ஒரு முறிவு, உச்சியில் ஒரு வளைவு, நடுவில் நேர்கோடு போலத் தெரியும் ஒரு பகுதி. ‘போலத் தெரியும்’ என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் அதிலும் சிறு வளைவு இருக்கும்.

வளைவு இருந்தால் என்ன கெட்டுவிடும்? நேர்கோடு என்றால், இரண்டு மடங்கு கொடுத்தால் இரண்டு மடங்கு கிடைக்கும். வளைந்த கோட்டிலோ, கிடைப்பதில் கொடுத்ததன் வர்க்கமும் கனமும் சிறு அளவில் கலந்திருக்கும். இப்போது அ, ஆ என்ற இரண்டு அலைகள் ஒன்றாக உள்ளே போகின்றன என்று கொள்வோம். எட்டாம் வகுப்பிலேயே நீங்கள் படித்த வாய்பாடு நினைவிருக்கிறதா?

(அ + ஆ)² = அ² + 2அஆ + ஆ²

குற்றவாளி நடுவில் நிற்கும் 2அஆதான். இரண்டு அலைகளும் ஒன்றை ஒன்று பெருக்குகின்றன. இரண்டு சைன் அலைகளைப் பெருக்கினால், அவற்றின் அதிர்வெண்களின் கூடுதலும் வித்தியாசமும் கொண்ட இரண்டு புதிய அலைகள் பிறக்கும் என்பதை மேல்நிலை வகுப்புத் திரிகோணமிதியில் நிரூபிப்பீர்கள். 100 மெகா ஹெர்ட்ஸிலும் 104 மெகா ஹெர்ட்ஸிலும் ஒலிபரப்பும் இரண்டு பண்பலை வானொலி நிலையங்களை எடுத்துக்கொள்வோம். வர்க்கத்தால் 204, 4 ஆகிய அதிர்வெண்களில் புதிய அலைகள் தோன்றுகின்றன. அ², ஆ² ஆகியவற்றால் 200, 208 ஆகியவையும் வருகின்றன. இந்த நான்கு அதிர்வெண்களில் எவரும் ஒலிபரப்பவில்லை. லேசரின் வளைவு அவற்றைப் ‘பாடுகிறது’.

கனம் இதைவிடக் குறும்பானது. அது அ, அ, ஆ என்று மூன்று சேர்த்துப் பெருக்குவதால், 2அ − ஆ, 2ஆ − அ என்ற அதிர்வெண்களை உண்டாக்குகிறது. நம் எடுத்துக்காட்டில் 2 × 100 − 104 = 96; 2 × 104 − 100 = 108. உண்மை நிலையங்களுக்குப் பக்கத்து வீட்டிலேயே பொய் நிலையங்கள் குடியேறிவிட்டன!

வர்க்கத்தால் வரும் பொய்க் குரல்களை இரண்டாம் படித் திரிபு என்றும், கனத்தால் வருபவற்றை மூன்றாம் படித் திரிபு என்றும் சொல்கிறார்கள். முன்னதைச் சமாளிப்பது பெரும்பாலும் எளிது. புதுப்பிக்கப்பட்ட புனே தொலைநோக்கி வானத்தை 550 முதல் 850 மெகா ஹெர்ட்ஸ் வரை ஒரு பட்டையாகக் கேட்கிறது. இந்தப் பட்டைக்குள் எந்த இரண்டு அதிர்வெண்களைக் கூட்டினாலும் 1100க்குக் குறையாது. கழித்தாலும் 300ஐத் தாண்டாது. இரண்டாம் படிப் பொய்க் குரல்கள் பட்டைக்கு வெளியே விழுகின்றன. ஒரு வடிகட்டி வைத்து அவற்றைத் தள்ளிவிடலாம். மூன்றாம் படிக் குரல்களோ பட்டைக்குள்ளேயே விழும். எந்த வடிகட்டியும் அவற்றைப் பிரிக்க முடியாது.

பட்டைக்கு வெளியிலிருந்து வரும் பலமான அலைகளையும் லேசருக்கு முன்னால்தான் வடிகட்ட வேண்டும், பின்னால் அல்ல. 100, 104 மெகா ஹெர்ட்ஸ் வானொலி அலைகள் லேசருக்குள் புகுந்துவிட்டால், 120 முதல் 250 வரையுள்ள பட்டையின் நடுவில் 204 பிறந்துவிடும். பிறகு 100ஐயும் 104ஐயும் தடுத்து என்ன பயன்?

இதில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். 2020ஆம் ஆண்டில் இந்தத் தொலைநோக்கியைக் கொண்டு, சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த விண்மீன் மண்டலங்களில் எவ்வளவு ஹைட்ரஜன் வாயு இருந்தது என்று அளந்தார்கள். ஹைட்ரஜன் அணு 1420 மெகா ஹெர்ட்ஸில் ரேடியோ அலை தருகிறது. பிரபஞ்சம் விரிந்துகொண்டே வந்ததால் அந்த அலை நீண்டு, ஏறத்தாழ பாதி அதிர்வெண்ணில் நம்மை வந்தடைகிறது. தனி ஒரு மண்டலத்தின் அலை கருவிக்கு எட்டாத அளவு மெல்லியது. எனவே 7,653 மண்டலங்களின் அலைகளை ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுத்த பிறகே ஹைட்ரஜன் தெரிந்தது. இத்தனை மெல்லிய குரலைக் கேட்கும் இடத்தில், செல்போன் கோபுரங்களும் வானொலி நிலையங்களும் அண்டை அயலில் உரக்கக் கூவிக்கொண்டிருக்கின்றன.

அடக்கும் வழிகள்

முதல் வழி அடக்கமாக நடந்துகொள்வது. லேசரை அதன் நேர்கோட்டுப் பகுதியின் நடுவில் நிறுத்தி, சைகையை அளவோடு கொடுக்க வேண்டும். 10 மில்லி ஆம்பியரில் விழிக்கும் ஒரு லேசரை 40 மில்லி ஆம்பியரில் நிலைநிறுத்தினால், சைகை கீழ்நோக்கி 30 மில்லி ஆம்பியருக்கு மேல் ஆடக் கூடாது. ஆடினால் லேசர் அணைந்துவிடும். அலையின் அடிப்பகுதி கத்தரித்தாற்போல் வெட்டுப்பட்டுப்போகும்.

சைகையைக் குறைப்பதில் ஓர் எதிர்பாராத லாபம் இருக்கிறது. சைகையின் வீச்சைப் பாதியாக்கினால் மூன்றாம் படித் திரிபு பாதியாவதில்லை. ½ × ½ × ½ = ⅛ ஆகிறது. உண்மை ஒரு படி இறங்கும்போது பொய் மூன்று படி இறங்குகிறது! அப்படியானால் சைகையைக் குறைத்துக்கொண்டே போகலாமே? போகலாம், இரைச்சல் என்ற தரை தட்டும்வரை. லேசரின் ஒளி தானாகவே சற்று நடுங்கிக்கொண்டிருக்கும். ஒளி டயோடும் தன் பங்குக்கு இரைச்சல் சேர்க்கும். சைகை அந்த இரைச்சலுக்குள் மூழ்கிவிட்டால் பிறகு திரிபு இல்லாமல் இருந்தும் பயனில்லை. கீழே இரைச்சல், மேலே திரிபு. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளியே இணைப்பின் தரம். அந்த இடைவெளியை அகலமாக்கத்தான் மற்ற வழிகள் எல்லாம்.

அவற்றில் மிகவும் கெட்டிக்காரத்தனமானது முன்திரிபு முறை. லேசரின் கோடு உச்சியில் கீழ்நோக்கி வளைகிறது என்று முன்கூட்டியே அளந்து தெரிந்துகொள்கிறார்கள். அதற்கு நேர் எதிராக, மேல்நோக்கி அதே அளவு வளையும் ஒரு சிறு டயோடு சுற்றை லேசருக்கு முன்னால் வைக்கிறார்கள். ஒரு வளைவு மற்றொரு வளைவைச் சரிக்கட்டிவிடுகிறது. கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போடுவதும் இந்தத் தத்துவம்தான். அமெரிக்காவில் 1980களின் இறுதியிலும் 1990களிலும் கேபிள் டெலிவிஷன் ஒளியிழைக்கு மாறியபோது இந்த முறை பெரிதும் உதவியது. ஒரே லேசரில் 80 சேனல்களை ஏற்றினால், நடுச் சேனலில் மட்டும் மும்மூன்று சேனல்கள் சேர்ந்து பிறப்பிக்கும் பொய் அலைகள் சுமார் 2,400 வந்து விழும். படத்தில் கோடு கோடாகத் தெரியும். ஆனால் இம்முறைக்கு ஒரு குறை உண்டு. லேசர் சூடானாலோ, வயதானாலோ வளைவு மாறும். போட்ட கண்ணாடி பொருந்தாமல் போகும். அதனால்தான் நல்ல கருவிகளில் லேசரின் வெப்பநிலையை ஒரே அளவில் வைத்துக் காக்கிறார்கள்.

இரண்டாவது வழியில் லேசரைத் தொந்தரவு செய்வதே இல்லை. அது ஒரே சீராக ஒளிரட்டும். அதன் ஒளியை இரண்டாகப் பிரித்து, லித்தியம் நியோபேட் என்ற படிகத்தின் வழியே இரு பாதைகளில் அனுப்புகிறார்கள். சைகையின் மின்னழுத்தம் படிகத்தின் ஒளிவிலகல் எண்ணைச் சிறிது மாற்றுகிறது. எனவே ஒரு பாதையில் வரும் ஒளி சற்றுப் பிந்துகிறது. மீண்டும் சேரும்போது குறுக்கீட்டு விளைவால் ஒளி கூடிக் குறைகிறது. இதன் வரைகோடு ஓர் அழகிய சைன் வளைவு. அதன் சரிபாதியில் நின்றால், மேலே எவ்வளவு வளைவோ அவ்வளவே கீழேயும் எதிர்த்திசையில் வளைவு. ஆகவே இரண்டாம் படித் திரிபு முழுவதும் ஒழிகிறது! மூன்றாம் படி மிஞ்சும். சிறு கோணங்களுக்கு சைன் மதிப்பு, கோணத்திலிருந்து அதன் கனத்தில் ஆறில் ஒரு பங்கைக் கழித்ததற்குச் சமம். கோணம் 0.5 ரேடியன் என்றால் பிழை 24இல் ஒரு பங்கு, 0.1 ரேடியன் என்றால் 600இல் ஒரு பங்குதான். படிகம் நாளடைவில் அந்தச் சரிபாதியை விட்டு நகர்ந்துவிடும் என்பதுதான் தொல்லை. இதற்கு ஒரு தந்திரம் செய்கிறார்கள். தெரிந்த ஒரு சிறு அலையை வேண்டுமென்றே உள்ளே விட்டு, அதன் இருமடங்கு அதிர்வெண் வெளியே தலைகாட்டுகிறதா என்று காவல் காக்கிறார்கள். தலைகாட்டினால் மின்னழுத்தத்தைச் சிறிது திருத்திப் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

மூன்றாவது வழிக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்கத் தொலைபேசித் துறைப் பொறியாளர் ஹெரால்டு பிளாக், தொலைதூரப் பேச்சைக் கெடுத்த பெருக்கித் திரிபோடு பல ஆண்டுகள் மல்லாடினார். 1927 ஆகஸ்ட் 2ஆம் தேதி காலை, நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போகும்போது, வெளிவருவதில் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே எதிராகக் கொடுத்தால் திரிபு தானே அடங்கும் என்று தோன்றியது. கையிலிருந்த செய்தித்தாளிலேயே படத்தையும் சமன்பாட்டையும் எழுதிவிட்டார். இந்த எதிர்ப் பின்னூட்டம் இன்று பெரும்பாலான ஒலிப்பெருக்கிகளில் இருக்கிறது. ஆனால் ஒளி இணைப்பில் இதைப் பயன்படுத்துவது கடினம். ஏன்? 1000 மெகா ஹெர்ட்ஸ் அலை ஒரு முறை ஏறி இறங்க ஒரு நானோ செகண்டுதான் ஆகிறது. அந்த நேரத்தில் ஒளி கண்ணாடி இழையில் 20 சென்டிமீட்டர்தான் போகும். பின்னூட்டப் பாதை ஒரு சாண் நீளம் இருந்தாலே, திருத்தம் வந்து சேரும்போது அலை ஒரு சுற்று முடித்துவிட்டிருக்கும்.

இதற்கும் பிளாக்கிடமே விடை இருந்தது. பின்னூட்டத்துக்கு முன்பே, 1923இல், அவர் வேறொரு வழியை யோசித்திருந்தார். வெளிவந்ததிலிருந்து உள்ளே போனதைக் கழித்தால் மிஞ்சுவது வெறும் பிழை மட்டுமே. அந்தப் பிழையைத் திருப்பி அனுப்பாமல், முன்னோக்கியே வேறொரு பாதையில் எடுத்துச்சென்று, முடிவில் கழித்துவிடலாம். ஒளி இணைப்பில் இதற்கு இரண்டாவது லேசர் வேண்டும். இரு பாதைகளின் காலதாமதமும் மிகத் துல்லியமாகப் பொருந்த வேண்டும். செலவுக்கு அஞ்சாதவர்களுக்கு ஏற்ற முறை!

கண்ணாடி இழையும் குற்றமற்றதன்று. இணைப்பான்களில் பட்டுத் திரும்பும் ஒளி லேசருக்குள் புகுந்து அதைக் கலைக்கும். ஆகவே இழையின் முனையை எட்டு டிகிரி சாய்த்துத் தீட்டுகிறார்கள். லேசரின் வாயிலில், ஒளியைப் போக விட்டு வர விடாத ஒருவழிக் கதவும் வைக்கிறார்கள். இந்தக் கதவு, ஃபாரடே 1845இல் கண்ட காந்த ஒளி விளைவால் இயங்குவது. மேலும், லேசரின் மின்னோட்டத்தை மாற்றும்போது ஒளியின் அளவோடு அலைநீளமும் சற்று மாறுகிறது. இழையில் வெவ்வேறு அலைநீளங்கள் வெவ்வேறு வேகத்தில் செல்வதால், அலையின் முகடு ஒரு வேகத்திலும் பள்ளம் ஒரு வேகத்திலும் போகின்றன. கரையை நெருங்கும் கடலலைபோல் சைகை ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். 1.31 மைக்ரோமீட்டர் ஒளியில் சாதாரண இழையில் இந்த வேக வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. 1.55இல் இழப்பு குறைவு, ஆனால் சாய்வு உண்டு. நெடுந்தூரமா, தூய்மையா என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் திரையில் சந்தேகமான ஒரு கோடு தோன்றினால், அது வானத்திலிருந்து வந்ததா, கருவியில் பிறந்ததா? சோதனை மிக எளிது. லேசருக்கு முன்னால் ஒரு தணிப்பானைச் செருகி, வீச்சைப் பாதியாக்கிப் பாருங்கள். கோடும் பாதியானால் அது வெளியிலிருந்து வந்தது. கால் பங்காகவோ அரைக்கால் பங்காகவோ சுருங்கினால் அது கருவிக்குள் பிறந்த குழந்தை.

உங்களுக்கு ஒரு கணக்கு. ஓர் ஊரில் 92, 98, 101 மெகா ஹெர்ட்ஸில் மூன்று வானொலி நிலையங்கள் உள்ளன. மூன்றாம் படித் திரிபால் 88க்கும் 108க்கும் இடையில் எந்தெந்த அதிர்வெண்களில் பொய் நிலையங்கள் தோன்றும்? 2அ − ஆ வகையோடு, மூன்றும் சேரும் அ + ஆ − இ வகையையும் மறந்துவிடாதீர்கள்.

(விடை: 89, 95, 104, 107. இவற்றில் 95ம் 104ம் இரண்டிரண்டு வழிகளில் கிடைக்கும்.)